மரங்களுக்கு அளவெடுத்த டெய்லரம்மா

முதல் நாள் என்னைப் பார்த்ததும் டெய்லரம்மா வணக்கம்கூடச் சொல்லவில்லை. தோளிலிருந்து இடுப்புவரை ஒரே ஒரு பார்வை. "முப்பத்தெட்டு. போட்டுகினு கீறது முப்பத்தாறு. இன்னா மேடம், மூச்சு வுட முடியுதா?" என்றார். அறையில் மூன்று ஆண்கள் இருந்தார்கள். மூவரும் ஒரே நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய் அந்த ரவிக்கையைக் கழற்றியபோது அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது பாருங்கள், அதற்காகவும் அவர்மேல்தான் கோபம் வந்தது.

அவருக்குப் பெயர் உண்டு. வருகைப் பதிவேட்டில் இருந்தது. வேறெங்கும் அது புழங்கவில்லை. காவலாளியிலிருந்து எங்கள் பேராசிரியர்வரை எல்லோருக்கும் அவர் டெய்லரம்மாதான். மயிலாப்பூரில் ஒரு சந்தில், முன்னறையில் தையல் மிஷினும் பின்னறையில் குடித்தனமுமாக இருந்தவர். வாப்பாவின் வாப்பா காலத்திலிருந்து அதே சந்து என்பார். என் வயதுதான், ஒரு வருஷம் முன்னே பின்னே. நான் கணக்கில் எம்.எஸ்ஸி. என்று தெரிந்த நாளிலிருந்து என்னை 'எம்மெஸ்ஸி' என்று கூப்பிட ஆரம்பித்தார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

ரவிக்கை தைப்பவருக்குக் காட்டில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அடையாறில் ஒரு வீட்டு மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். கிண்டியில் ஊருக்கு நடுவே வேலிக்குள் நிற்கிறதே காடு, அதில் இருநூற்றுப் பன்னிரண்டு மரங்களுக்குத் தகர எண் அடித்து, மாதம் ஒரு முறை ஒவ்வொன்றின் சுற்றளவையும் எடுப்பது எங்கள் திட்டம். மழை பெய்தால் மரம் எவ்வளவு பருக்கிறது, பெய்யாவிட்டால் என்ன ஆகிறது என்று பார்ப்பதற்காக. முன்பு அளந்துகொண்டிருந்த இரண்டு பட்டதாரிகள் ஒரே மரத்தை ஒரே நாளில் அளந்து இரண்டு விரற்கடை வித்தியாசம் காட்டினார்கள். பேராசிரியர் தலையில் கையை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க, அவர் மனைவி சொன்னாராம்: "ஏன்னா, மரத்தை அளக்கறதுக்கு என்ன பெரிய படிப்பு வேணும்? என் டெய்லரைக் கூட்டிண்டு போங்கோ. பதினஞ்சு வருஷமா ஒரு ரவிக்கை பிடிச்சதும் இல்லை, தொளதொளத்ததும் இல்லை."

பேராசிரியர் இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரமே கூட்டிவந்துவிட்டார். டெய்லரம்மாவும் சளைக்கவில்லை. "மிஷின்ல குந்திகினே முதுகு போயிடுச்சு சார். வாரத்துல ரெண்டு நாளு மரத்தடியில நடந்தா நல்லதுதானே" என்று ஒப்புக்கொண்டார்.

அளவு விஷயத்தில் அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. அந்தப் பிடிவாதம்தான் அவர். தி. நகரிலிருந்து ஒரு அம்மாள் கல்யாணப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்ததைச் சொல்வார். "முப்பத்தினாலுன்னு எழுதிக்கோ, ரெண்டு மாசத்துல இளைச்சிடுவா" என்றாளாம் அம்மா. டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு டெய்லரம்மா முப்பத்தெட்டு என்று எழுதினார். "உள்ள தாராளமா துணி வுட்டுத் தெச்சித் தர்றேன். இளைச்சா புடிச்சிக்கலாம். ஆனா இன்னிக்கு இன்னா கீதோ அத்ததான் எழுதுவேன்." அம்மாவுக்கு முகம் தொங்கிவிட்டது. அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்: "அளவு கேட்டா அளவு சொல்றேன். அழகு வோணும்னா பியூட்டி பார்லருக்குப் போங்க."

காட்டிலும் அப்படியே. மரத்தில் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அதன்மேல் மெல்லிய எஃகு டேப்பை ஓட்டி, பட்டையைக் கிள்ளாமலும் தொங்காமலும் இழுத்து, மில்லிமீட்டர் கோட்டருகே கண்ணைக் கொண்டுபோய்ப் பார்த்து, உரக்கச் சொல்வார். கூட இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் நோட்டில் எழுத்து. கூட யாரும் இல்லாத நாட்களில் அவரே சொல்லி, அவரே வேறு குரலில் திருப்பிச் சொல்லிக்கொள்வார். ஒரு முறை ஒரு குரங்கு டேப்பைப் பிடுங்கிக்கொண்டு விளாமரத்தில் ஏறி, கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. காவலாளி கல்லை எடுத்தார். டெய்லரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து, "கழுத்து ஒம்போது இன்ச்சு. கீழ எறங்கி வா நைனா, காலர் வெச்சித் தர்றேன்" என்றார். குரங்குக்கு என்ன தோன்றியதோ, டேப்பைக் கீழே போட்டது.

எனக்கு வேலை அலுவலகத்துக்குள். அவர் நோட்டிலிருக்கும் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. நான் கெட்டிக்காரி இல்லையா, பிழை நுழையக் கூடாது என்று ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். போன மாத அளவைவிட இந்த மாத அளவு குறைந்தால் அந்தக் கட்டம் சிவப்பாகிவிடும். மரம் வளரும், அல்லது வளராமல் நிற்கும்; சின்னதாக ஆகுமா என்ன? முதல் ஒரு வருஷம் ஒரு கட்டம்கூடச் சிவக்கவில்லை. எனக்கு என் புத்திசாலித்தனத்தின் மேல் இருந்த திருப்தியைச் சொல்லி மாளாது.

அப்புறம் அந்த வருஷம் வந்தது. ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டுப் போக, பங்குனிக்குள் ஊரே குடத்தோடு தெருவில் நின்றது. லாரி வருகிற கிழமையை வைத்துத்தான் எல்லோர் வீட்டிலும் துணி துவைத்தார்கள். காட்டில் வாகை வழக்கத்துக்கு முன்னதாகவே இலை மொத்தத்தையும் கொட்டிவிட்டு நின்றது. காட்டெலுமிச்சை இலையைக் கொட்டாமல் சுருட்டிக்கொண்டது. நாற்பத்திரண்டாம் எண் நாவல்மரம் ஒன்று இருந்தது. டெய்லரம்மா அதன் அடியில்தான் டிபன் டப்பாவைத் திறப்பார். அதன் உச்சிக் கிளைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டே வந்தன.

ஒரு நாள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கக் காட்டுக்குப் போனபோது பார்த்தேன். அந்த நாவலின் வேரடியில் நின்று தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு விழவில்லை. அதற்குள் நிமிர்த்திக்கொண்டு, தானே மடமடவென்று குடித்துவிட்டார்.

"ஊத்தறதுதானே? அரை லிட்டர்ல என்ன ஆயிடப் போகுது?" என்றேன்.

"பத்துதோ பத்தலையோ எம்மெஸ்ஸி, அப்பால அது மரத்தோட அளவு இல்ல. என் தண்ணியோட அளவு."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூக்கை உறிஞ்சிய சத்தம் கேட்டது.

அந்த மாதம்தான் என் கட்டங்கள் சிவக்க ஆரம்பித்தன. முதலில் இருபது மரம். ஒரு மில்லி, இரண்டு மில்லி குறைவு. வெயிலில் கண் பூத்திருக்கும், பாவம் என்று நினைத்தேன். போன மாத எண்ணையே திரும்பப் போட்டேன். சிவப்பு போய்விட்டது. அடுத்த மாதம் அறுபது மரம். அவற்றையும் அப்படியே சரிசெய்தேன். யாரிடமும் சொல்லவில்லை, உபகாரம் செய்வதாகவே எண்ணம். மூன்றாவது மாதம் பக்கம் முழுக்க ரத்தக்களறியாக இருந்தது. இதை என்னால் மூட முடியாது என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு மேனேஜரிடம் போனேன். அங்கேதான் புத்தி கெட்டேன்.

பேராசிரியர் அப்போது ஆறு மாதம் பாடம் நடத்த வெளிநாடு போயிருந்தார். பொறுப்பில் இருந்த மேனேஜர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர்தான், ஆனால் யாரையும் ஒரு நிமிஷத்துக்குமேல் நம்பிப் பழக்கமில்லாதவர். நோட்டைப் புரட்டினார். "மரம் எங்கேயாவது இளைக்குமா? அந்தம்மா காட்டுக்கே போறதில்லை. வீட்டுல உட்கார்ந்து வாயில் வந்ததை எழுதுது" என்றார். அப்படியில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

டெய்லரம்மாவைக் கூப்பிட்டு மேனேஜர் அதையே அவர் முகத்துக்கு நேரே சொன்னார். இந்த மாதத்தோடு நின்றுகொள்ளலாம் என்றும் சொன்னார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டெய்லரம்மா மேஜையிலிருந்த தன் நோட்டை எடுத்து மூடினார். பிறகு சொன்னார்: "வேலை போனா போவுது சார். நா எடுத்த அளவு பொய்யின்னு இதுவரிக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல. அந்தப் பேச்ச நீங்க திரும்ப எடுக்கணும். அத்த எடுக்கறவரிக்கும் நா எங்கியும் போவல." என் பக்கம் திரும்பினார். "எம்மெஸ்ஸி, நாளைக்கு நீயே வந்து புடி. நா தொட மாட்டேன்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு, பஜ்ர் தொழுகையை முடித்துவிட்டு நேராக வந்து வாசலில் காத்திருந்தார். ஐந்து மரங்களை அவரே காட்டினார். டேப்பை நான்தான் பிடித்தேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஆனால் நான் ஒவ்வொரு எண்ணைச் சொல்லும்போதும் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். நான் கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் தெரிந்துவிடும். ஐந்தையும் எழுதினேன்.

"அவ்ளோதானா?" என்றேன்.

"அவசரப்படாத. மதியம் லுஹர் முடிச்சிட்டு வர்றேன். இதே அஞ்சு மரம்."

இரண்டு மணி வெயிலில் மான்கள்கூட நிழலை விட்டு நகரவில்லை. முதல் மரம் கொன்றை. டேப்பைச் சுற்றினேன். காலையைவிட ஒன்றரை மில்லி குறைவு. தப்பாகப் பிடித்துவிட்டேன் என்று அவிழ்த்து மறுபடி சுற்றினேன். அதே எண். மூன்றாவது தடவையும் அதே. அடுத்து வேம்பு. அதுவும் குறைவு. விளா, காட்டெலுமிச்சை, நாவல், ஒன்று பாக்கியில்லை. காலையில் நானே என் கையால் அளந்த மரங்கள், மதியத்துக்குள் என் கண்ணெதிரே இளைத்திருந்தன.

"நா முதல் வருசமே பார்த்துட்டேன். காலைல ஒரு அளவு, மதியத்துல ஒரு அளவு" என்றார் டெய்லரம்மா. "வெயிலு ஏறினா உடம்பு சுருங்குது. ராத்திரில தண்ணி குடிச்சி உப்பிக்குது. அதான் எப்பவும் ஏழு மணிக்குள்ள எடுத்துடறேன். ஓரத்துல டைம் எழுதிக் கீறேனே, நீ பார்க்கலயா? மழ பெய்ஞ்ச வருசம் ராத்திரில திரும்ப ஏறிக்கும். இப்ப எங்க முழுசா ஏறுது? நெலத்துல இருந்தாத்தான குடிக்கும்."

ஓரத்தில் நேரம் எழுதியிருந்ததை நான் பார்த்துத்தான் இருந்தேன். அதற்குக் கம்ப்யூட்டரில் கட்டம் இல்லை என்று விட்டுவிட்டேன்.

இதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. அந்த நாவலடியிலேயே சொல்லிவிட்டேன்: இரண்டு மாதமாக அவர் எண்களை அழித்துவிட்டு நான்தான் வேறு எண் போட்டேன் என்று. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னை ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"துணிய ஆல்டர் பண்ணுவாங்க எம்மெஸ்ஸி. நீ இன்னாடான்னா உடம்ப ஆல்டர் பண்ணிக் கீற."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சத்தம் கேட்டது. சிரிக்கிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மரத்தில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார். "இளைச்சிப் போயி நிக்குது, அதுக்குப் போயி பழய அளவு போட்டுக் கீறா" என்று நாவலிடமே சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா இது சும்மா வுடற விசயமில்ல" என்றார். தண்டனையையும் அவரே சொன்னார்.

முதலில் பேராசிரியருக்குப் போன் போட்டேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். "இலை மேலே தண்ணியை இழுத்துண்டே இருக்கும். வேருக்குக் கிடைக்கலைன்னா, தண்டுல சேர்த்து வெச்சிருக்கறதை எடுத்து செலவழிக்கும். அப்போ தண்டு சுருங்கத்தான் செய்யும். இலைத்துளையை மூடிக்கும், இலையைக் கொட்டும், வளர்றதை நிறுத்திடும், எப்படியாவது உயிரைப் பிடிச்சுக்கப் பார்க்கும்" என்றார் மெதுவாக. "நீங்க அழிச்சேளே, அந்த நம்பருக்காகத்தான் இந்தத் திட்டமே போட்டேன். நோட்டு பத்திரமா இருக்கோல்லியோ?" இருக்கிறது என்றேன். அவர் விட்ட பெருமூச்சு கடல் கடந்து கேட்டது.

மறுநாள் தண்டனை. மேனேஜர் அறையில் நான் நின்றுகொண்டு, மூன்று மாத நோட்டையும் உரக்கப் படிக்க வேண்டும், ஒரு மரம் விடாமல். டெய்லரம்மா நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு எண்ணுக்கும் திருப்பிச் சொல்லுவார். முப்பதாவது மரம் வந்தபோது மேனேஜர் கையைத் தூக்கினார். "போதும்மா. வெளிநாட்டுலேர்ந்து சார் நேத்தே பேசிட்டார். நான் சொன்னது தப்புதான். வாபஸ் வாங்கிக்கறேன்."

"ரொம்ப சந்தோசம் சார்" என்றார் டெய்லரம்மா. "முதல் மாசத்துலயே இன்னும் நூத்தி எண்பத்திரண்டு மரம் கீது. குந்துங்க, கேட்டுட்டுப் போங்க."

மேனேஜர் உட்கார்ந்தார். டீ வந்தது, ஆறியது. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. மதியத்துக்கு மேல் மேனேஜரே, "நூத்தி மூணு என்ன, கொன்றையா? அது எவ்வளவு இளைச்சிருக்கு?" என்று ஆர்வமாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார். அந்த ஆள் அதன்பிறகு வாரம் ஒரு தடவை காட்டுக்கு வந்து மரங்களை விசாரித்துவிட்டுப் போவார்.

நானும் அதற்கப்புறம் காலையில் அவரோடு போக ஆரம்பித்தேன். அளப்பது அவர், எழுதுவது நான். எண்ணைச் சொல்லிவிட்டு, நான் என்ன எழுதுகிறேன் என்று தவறாமல் எட்டிப் பார்ப்பார். கோபமெல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டே, வீட்டுக் கதை பேசிக்கொண்டே பார்ப்பார். ஆனால் பார்ப்பார். இரண்டு மாதம் எண்ணை மாற்றி நானே தேடிக்கொண்டது அது. எனக்கு வலித்தது.

ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலை, வேலிக்கு உள்ளே காலை வைத்ததுமே டெய்லரம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்தார். முதல் மரம் வேம்பு. "மூணு மில்லி ஏறிக் கீது!" அடுத்தது விளா. "நாலு." அதற்கடுத்த கொன்றையைச் சுற்றிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "இவ நல்லா சாப்ட்டுக் கீறா. ரவிக்கை பத்தாது." இரண்டு மரங்கள் ஏறவே இல்லை. அவற்றையும் அதே குரலில்தான் சொன்னார். நான் எழுதினேன், அவர் எட்டிப் பார்த்தார். இலை சொட்டிக்கொண்டே இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து, காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே நடந்தோம்.

நாற்பத்திரண்டுக்கு வந்தபோது பேச்சு நின்றது. டெய்லரம்மா டேப்பை என்னிடம் நீட்டினார்.

"இத்த நீ புடி. எனக்கு இது ஏறணும் ஏறணும்னு மனசு அடிச்சிக்குது. என் கை சரியா நிக்காது."

நோட்டையும் பேனாவையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, மரத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். நான் டேப்பைச் சுற்றினேன். அவிழ்த்து மறுபடி சுற்றினேன். எனக்கும் அது ஏற வேண்டும் ஏற வேண்டும் என்றுதான் இருந்தது. அதனாலேயே மூன்றாவது முறையும் சுற்றினேன். மூன்று முறையும் ஒரே எண். போன மாதம் நூற்றுப் பதினான்கு சென்டிமீட்டர், ஒரு மில்லி.

"நூத்திப் பதினாலு, மூணு மில்லி" என்றேன். என் குரல் எனக்கே பொய் மாதிரி கேட்டது. அந்தக் காட்டில் யாராவது அவருடைய சந்தோஷத்துக்காக ஒரு எண்ணை மாற்றிச் சொல்லக்கூடிய ஆள் என்றால் அது நான் ஒருத்திதான். அவருக்கும் அது தெரியும்.

"நூத்திப் பதினாலு, மூணு" என்று திருப்பிச் சொன்னார். திரும்பவில்லை, எட்டிப் பார்க்கவில்லை. நான் சொன்னதை நான் சொன்னபடியே எழுதினார்.